அட்மிரல் முட்டையிட்ட மாசி

கோதுமைக் கப்பலில் வந்த
அம்பொன் தீவுச் சமையற்காரன்
என் மேசையில் ஒரு மீன்கூடையை வைத்தான்.
அடுத்த துறைமுகத்தில் பிடிப்பார்கள் என்பதைக்
கையால்தான் சொன்னான்.
கூடையைத் தொட்டான், தன் மணிக்கட்டுகளைச் சேர்த்தான்,
கும்பிட்டான், போய்விட்டான்.

உள்ளே சிவப்பு.
வயிற்றில் ஊதா,
சட்டைப் பையில் பேனை கசிந்ததுபோல.
கறுத்த சொண்டு.
ஒரு கண் என்னை நிறுத்தது.

சீனக்குடாவில் பதினொரு வருடமாக
லொறிகளை நிறுத்து எழுதுகிறவள் நான்.
வீட்டுத் தராசில் வைத்தேன்:
நானூற்றுப் பதினெட்டுக் கிராம்.
அந்தப் பாரத்துக்குள் இவ்வளவு சத்தம்.

"இந்த மிடுக்குக்கு ஆண்தான்" என்று
அட்மிரல் எனப் பெயரிட்டவர்
கீழ்வீட்டு பெர்டினண்ட்.
கடற்படைச் சங்கு ஊதினால்
அட்மிரலும் ஊதினான்,
அரைச் சுருதி கூட்டி.
கொச்சிக்காயைக் காம்பில் பிடித்து
விதை விதையாகச் சாப்பிட்டான்.
பப்பாசித் தோலை யன்னலால் எறிந்தான்.
உவர்மலை மான்கள் இருட்டியதும் வந்து
மதிலோரம் காத்து நின்றன.
ஒரு கலைமான் மட்டும்
அண்ணாந்து பார்க்கப் பழகியிருந்தது.

ஞாயிறுகளில் தங்கச்சி எடுப்பாள்,
ஸ்காபரோவில் பனி என்பாள்.
நான் சொல்வேன்:
"நல்லா இருக்கிறன். குறையொண்டும் இல்லை."

ஒரு புதன்கிழமை பின்னேரம்
சோற்றுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருக்கையில்
முதுகுக்குப் பின்னால் என் குரல்:
ஒரு செருமல்,
பிறகு
"நல்லா இருக்கிறன். குறையொண்டும் இல்லை."

அப்படிச் சொல்லுமுன் நான் செருமுவேன் என்பது
அதுவரை எனக்குத் தெரியாது.

மாசியில் அவனைக் காணவில்லை.
அலுமாரிக்குக் கீழே,
பழைய எடைச்சீட்டுகளைப் போட்டுவைத்த பெட்டிக்குள்
ஆறு மாதக் கணக்கைப் பொடிப்பொடியாகக் கிழித்து
அதன்மேல் இருந்தான்.
கையை நீட்டினேன், இரத்தம் வந்தது.
வயிற்றுக்கடியில் ஏதோ வெள்ளை.

டொக்டர் ஜெசீமா சிரித்தேவிட்டார்.
"இந்தச் சாதியில பச்சைதான் ஆம்பிளை.
ரெண்டையும் வேற வேற பறவையெண்டு
கனகாலம் எழுதி வச்சிருந்தாங்க.
வெறும் முட்டை, பொரிக்காது.
எடுத்திடாதீங்க, எடுத்தா இன்னொண்டு இடும்.
அதுவா எழும்பட்டும்."

அன்று மாலையே
அவன் அவளானாள்.
பெயரை மாற்றவில்லை.
பெர்டினண்டுக்குத்தான் கொஞ்சம் மனவருத்தம்.

அவள் இருந்தாள்.
வாடைக்காற்று விடைபெறும் கடைசி மழை
டச்சுக்குடாப் பக்கமிருந்து யன்னலில் அடித்தது, இருந்தாள்.
சங்கு ஊதியது, பதில் ஊதவில்லை.
கலைமான் வந்து நின்றது,
நானே தோலை எறிந்தேன்.
மாதுளை முத்துகளை ஒவ்வொன்றாக
பெட்டி விளிம்பில் வைத்தேன்.
அதை வாங்கும்போது மட்டும்
கடிக்காமல் வாங்கினாள்.
வேலையில் ஒரு லொறிக்கு இருமுறை எடை போட்டேன்.
பொரிக்காது என்று
இரவில் நானும் அவளிடம் சொன்னதில்லை.

முப்பத்து மூன்றாம் நாள் காலை
கதிரை முதுகில் இருந்தாள்,
இறகு கலைந்து, மெலிந்து,
கொச்சிக்காய் வேண்டுமென்று கத்திக்கொண்டு.

முட்டையைத் தராசில் வைத்தேன்.
முதல் வாரம், அவள் தண்ணீர் குடிக்க இறங்கியபோது,
திருட்டுத்தனமாக நிறுத்தது பத்தொன்பது.
இப்போது பதினாறு.
குறைந்த மூன்று கிராமை
எந்த நிரலில் எழுதுவது?

அது ஞாயிறு.
"எப்பிடி இருக்கிறாய் அக்கா?"
செருமல் வந்தது.
அட்மிரல் தலையைச் சரித்துக் காத்திருந்தாள்.

"முட்டை மூண்டு கிராம் குறைஞ்சு போச்சு" என்றேன்.

"என்ன முட்டை?"

கதிரையை இழுத்துப் போட்டேன்.
அவள் என் தோளுக்கு மாறினாள்.